கோமதியின் இரண்டு பிறந்த தேதிகள்

நான் யாரையும் அமெரிக்காவுக்கு அனுப்பியதில்லை. ராஜபாளையத்தில் அப்படி ஒரு பேச்சு உண்டு, நம்பாதீர்கள். தாங்களாகப் படித்து, தாங்களாக விமானம் ஏறிப் போனவர்கள் அங்கே எம்.எஸ்., பிஎச்.டி. என்று முடித்துவிட்டு, அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்பார்கள். கிரீன் கார்டு. அதற்கு இங்கிருந்து போக வேண்டிய தாள்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதும், பெற்றோர் சத்தியம் செய்து கொடுக்கும் அபிடவிட்டுகளைத் தட்டச்சு செய்வதும் என் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்கு எதிர்ச் சாரியில், நோட்டரியாகவும் இருந்த ஒரு வக்கீலின் அலுவலகத்தில் எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். வீடு ராஜபாளையம். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் படிவங்களைப் பற்றித்தான். எந்தச் சான்றுக்கு எந்த வாசகம், எதற்கு முத்திரை வேண்டும், எதற்கு வேண்டாம். அதைச் சொல்லித்தர என்னால் ஆகாது. நான் படித்த படிவம் ஒன்றுகூட இன்று இல்லை. ஒரு தப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு நேர்ந்த தப்பு என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். நான் செய்த தப்பு.

இன்றைக்கும் யார் வீட்டிலாவது பிறந்த தேதி என்று பேச்சு எழுந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து வாசல்வரை போய்விட்டு வருவேன்.

எங்கள் வக்கீலய்யாவைப் பற்றி இரண்டு வரி. பெயரைச் சொல்லமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அதிர்ந்து பேசாத மனிதர். நான் சேர்ந்த புதிதில் ஒரு எஞ்சினியர் பையனின் பிறப்புச் சான்றில் ‘சீனிவாசன்’ என்று இருந்தது. அவன் பாஸ்போர்ட்டில் இருந்த எழுத்துக்கூட்டல் வேறு. பையனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று மொழிபெயர்ப்பில் பாஸ்போர்ட் எழுத்தையே போட்டுவிட்டேன். அய்யா தாளைத் திருப்பி என் மேசையில் வைத்தார். "இது அவன் பேரா, நீ வச்ச பேரா?" என்று மட்டும் கேட்டார். திரும்ப அடித்தேன். அந்தக் கேள்வியை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நினைவில் இருந்தும்தான் பத்து வருடம் கழித்து அந்த ஆடி மாதத்தில் அப்படிச் செய்தேன்.

ஆடியில் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கிவிடும். மேசைமேல் எதையும் கனம் வைக்காமல் வைக்க முடியாது. அப்படி ஒரு மத்தியானம் சுபேதார் வேலுச்சாமி வந்தார். மகாராஜபுரத்துக்காரர். இருபத்தாறு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் காவல் பொறுப்பில் இருந்தார். ஒரே மகள் கோமதி. உலோகவியல் படித்தவள். விமான எஞ்சினில் போடும் உலோகத்தில் விரிசல் எப்படி விழுகிறது என்று ஆராய்ச்சி செய்து அமெரிக்காவில் பிஎச்.டி. வாங்கியிருந்தாள். அங்கே ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனியே அவளுக்காக கிரீன் கார்டு கேட்டு எழுதியிருந்தது. உயர்படிப்பு படித்தவர்களுக்கென்று ஒரு வரிசை இருந்தது, அதில். எல்லாத் தாளும் போய்விட்டது. மிச்சம் ஒன்றுதான்: தாய், தகப்பன் பெயர் போட்ட பிறப்புச் சான்று.

கோமதியை எனக்குத் தெரியும். படிக்கப் போகும்போது மதிப்பெண் பட்டியல்களுக்கு நோட்டரி கையெழுத்து வாங்க வந்து, என் மேசைக்கு எதிரே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவள். என்னை அக்கா என்பாள்.

சுபேதார் பைலைத் திறந்து சான்றை எடுத்து வைத்தார். நகராட்சியில் முந்தின நாள் வாங்கியது. குழந்தை: பெண். பெயர்க் கட்டம் காலி. தந்தை வேலுச்சாமி, தாய் பேச்சியம்மாள். பிறந்த இடம் ராஜபாளையம். தேதியைப் பார்த்தேன். பிறகு கோமதியின் பள்ளிச் சான்றைப் பார்த்தேன்.

"அய்யா, இது மூணு வருசம் முந்துதே."

"பள்ளிக்கூடத்துல வயசக் கொறச்சுப் போட்டுட்டாக தாயி. எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கதுதான?"

"ஆறு மாசம், ஒரு வருசம் கொறைப்பாக. மூணு வருசமா?"

"போட்டுட்டாக." அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "பள்ளிக்கூடத் தேதி தப்பு, இதுதான் சரின்னு ஒரு அபிடவிட் அடிச்சுக் குடுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்."

"அம்மா வரலையா?"

"அவளுக்கு உடம்புக்குச் சுகமில்ல. என் கையெழுத்துப் போதும்லா?"

போதும்தான். ஆனால் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கையெழுத்து வாங்க வந்த அன்று என் எதிரே உட்கார்ந்திருந்த கோமதி பேச்சுவாக்கில், "நான் மகாராஜபுரத்துல அம்மாச்சி வீட்டுல பொறந்தவக்கா. அன்னைக்கு ஓடையில தண்ணி வந்து ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்ட முடியலையாம்" என்று சொல்லியிருந்தாள். சான்றில் ராஜபாளையம் என்றிருந்தது.

அதைக் கேட்கவில்லை. ஏன் என்று எத்தனையோ முறை எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கூரியர்காரன் நான்கு மணிக்கு வந்துவிடுவான். வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ராணுவத்தில் இருந்த மனிதர், நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் போய் எப்படி என்று கூச்சம். எல்லாம் உண்மை. எதுவும் காரணமாகாது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, அது வேலையைத் தாமதமாக்கும் என்று தெரிந்ததும் அதை உள்ளேயே அமுக்கினேன். அதுதான் நடந்தது.

அடித்து முடித்து உள்ளே கொண்டுபோனேன். வக்கீலய்யா இரண்டு தேதிகளையும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"விசாரிச்சியாம்மா?"

"விசாரிச்சேன்யா."

முத்திரை விழுந்தது. நான்கு மணிக்குக் கூரியர் போனது.

ஐப்பசி மழையில் ஒரு காலை, அலுவலகம் திறந்த உடனே தொலைபேசி அடித்தது. அங்கே அப்போது இரவு. கோமதி பேசினாள். ஏழு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல், கொஞ்சம் மாறியிருந்தது. பேச்சு மாறவில்லை.

"அக்கா, நான் கோமதி. எனக்கு எத்தன வயசுக்கா?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

கிரீன் கார்டு கொடுக்கும் அலுவலகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது. பாஸ்போர்ட், பள்ளி, பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் ஒரு தேதி. தகப்பனார் சத்தியம் செய்த தாளில் வேறு தேதி. இரண்டில் எது பொய், ஆதாரத்தோடு சொல் என்று கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வாரத் தவணை. அதில் ஆறு வாரம் கடிதம் கைக்கு வந்து, வீட்டில் கேட்டுக் கேட்டே கழிந்துவிட்டது. அவளுடைய வேலை அனுமதியும் மார்ச்சோடு முடிகிறது, இனி நீட்ட முடியாது.

"இங்க ஒரு வக்கீல்ட்ட கேட்டேங்கா. ஆதாரம் பத்தலன்னா மனுவ நிராகரிப்பாகளாம். தெரிஞ்சே பொய் சொன்னேன்னு எழுதிட்டாகன்னா, பொறவு எந்தக் காலத்துலயும் கெடைக்காதாம். அப்பாட்ட கேட்டா, ‘நான் எழுதுனபடி நீயும் எழுது’ங்காக. அம்மா போன்கிட்டயே வரமாட்டேங்கா. நான் என்னக்கா தப்பு செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல" என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

அன்று என்னால் ஒரு வரி ஒழுங்காக அடிக்க முடியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். பதினொரு மணிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் ராஜபாளையம் வரை நின்றுகொண்டே போனேன். சுபேதார் மில்லில் இருக்கும் நேரம் என்று தெரியும். அதற்காகத்தான் அந்த நேரம்.

பேச்சியம்மாள் வீட்டின் முன் அறையில் பேண்டேஜ் துணி சுற்றிக்கொண்டிருந்தார். சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து வரும் துணியை வீட்டுப் பெண்கள் வாங்கிச் சுருட்டிக் கொடுப்பார்கள். மகள் எவ்வளவு சொல்லியும் அந்த அம்மா அதை விடவில்லையாம். நான் யார் என்று சொன்னேன். கை நிற்கவில்லை.

"காயிதம் அடிக்க பிள்ளையா நீ?"

"ஆமாம்மா. கோமதி பேசினா."

"என்ன சொன்னா?"

"அவளுக்கு எத்தன வயசுன்னு கேட்டா."

கை நின்றது. பாதி சுற்றிய துணி மடியிலிருந்து உருண்டு தரையில் நீளமாக விரிந்தது. அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"இவளுக்கு முப்பது" என்றார். "மூத்தவ இருந்தா முப்பத்து மூணு."

பிறகு அவராகவே சொன்னார். முதல் குழந்தை ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்தது. சுபேதார் அப்போது வடக்கே எல்லையில். மாமியார் பெயர் கோமதி. அதையே குழந்தைக்கு வைத்துக் கூப்பிட்டார்கள். பதினோராம் மாதம் வயிற்றோட்டம். இரண்டே நாள். தந்தி போய், லீவு கிடைத்து, தகப்பன் வந்து சேர்ந்தபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அவரு பிள்ளைய ஒரே ஒரு தடவ பாத்தாரு தாயி. நாலு மாசக் குழந்தையா இருக்கும்போது. அம்புட்டுத்தான்."

மூன்று வருடம் கழித்து இரண்டாவது பெண், மகாராஜபுரத்தில், தாய்வீட்டில். ஓடையில் வெள்ளம். பதிய யாரும் போகவில்லை. மாமியார் பிள்ளையைக் கையில் வாங்கி, போனவளே திரும்பி வந்துவிட்டாள் என்று அதே பெயரை வைத்தார். போன குழந்தையைப் பற்றி இந்தக் குழந்தையின் முன்னால் பேசவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். முப்பது வருடம் யாரும் பேசவில்லை.

"நீ அந்தக் காயிதத்த அடிக்கும்போது உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சந்தேகம் இருந்துச்சும்மா. கேக்கல."

அவர் குனிந்து துணியை எடுத்துத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.

மறுநாள் வக்கீலய்யா வருவதற்கு முன்பே போய் அவர் அறை வாசலில் நின்றேன். உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன். நான் விசாரிக்கவில்லை, விசாரித்தேன் என்று பொய் சொன்னேன், உங்கள் முத்திரை பொய்த் தாளில் விழுந்துவிட்டது. அவர் மெதுவாக உட்கார்ந்தார். வெளியே டைப் மெஷின் உறையைக் காற்று தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"சுபேதாரக் கூப்பிடு" என்றார்.

சுபேதார் வந்தபோது கையில் ஒரு யோசனையும் கொண்டுவந்திருந்தார். மதுரையில் ஒரு ஆள் இருக்கிறான், பள்ளிக்கூடத்திலும் அந்தச் சான்றின் தேதியே இருந்ததுபோல ஒரு தாள் செய்து கொடுப்பான்; அதற்கேற்ப ஒரு ஜாதகமும் எழுதி, பழசுபோல ஆக்கிக் கொடுப்பான். பத்து நாளில் வேலை முடியும். வக்கீலய்யா குறுக்கிடாமல் கேட்டார்.

"சுபேதார், நீங்க நகராட்சியில அந்தச் சான்ற வாங்கும்போது அது எந்தப் பிள்ளையோடதுன்னு உங்களுக்குத் தெரியும். இல்லையா?"

அவர் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். முகம் மட்டும் கலங்கியது.

"தெரியும்யா. சின்னவளுக்குப் பதிவே இல்லைன்னுட்டாக. ஏட்டப் புரட்டும்போது இது வந்துச்சு. எம்பேரு, பேச்சியம்மா பேரு. ஒரு பொம்பளப் பிள்ள. அந்தப் பிள்ளைக்குன்னு நான் ஒண்ணும் செஞ்சதில்ல. அவ பொறந்தான்னு ஒலகத்துல இருக்க ஒரே தாளு அது. சும்மா கெடக்கே, தங்கச்சிக்காவது உதவட்டும்னு நெனச்சேன்."

எனக்கு அப்போது ஓடிய எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். மதுரை ஆள் வேண்டாம். ஆனால் முந்தைய அபிடவிட்டில் தட்டச்சுப் பிழை, தேதி மாறிவிட்டது, மன்னிக்கவும் என்று ஒரு தாள் போனால் போதுமே? என் மேல் பழி விழட்டும், விஷயம் முடிந்துவிடும். அதையே வாய்விட்டும் சொன்னேன். அய்யா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"முதல் தாள் அவரு சொன்ன பொய். ரெண்டாவது நீ சொல்லப் போற பொய். மூணாவதா அந்தப் பிள்ளை அங்க உட்கார்ந்து ரெண்டையும் உண்மைன்னு சொல்லணும். அவ என்ன பாவம் செஞ்சா?"

முந்தைய தாள் பொய் என்று நாமே எழுதிக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்தார். தகப்பன் ஒரு அபிடவிட்: இறந்த குழந்தையின் சான்றைத் தெரிந்தே கொடுத்தேன், மகளுக்கு இது எதுவும் தெரியாது. தாய் ஒரு அபிடவிட்: இரண்டு பிரசவமும் எங்கே, எப்போது. நோட்டரி என்ற முறையில் தன் கையெழுத்தில் ஒரு கடிதம்: என் அலுவலகம் முறையாக விசாரிக்காமல் முதல் தாளுக்கு முத்திரை இட்டது. அவருக்கு அதனால் என்ன வரக்கூடும் என்று எனக்குத் தெரியும். பல வருடம் வைத்திருந்த உரிமம். ‘என் அலுவலகம்’ என்றுதான் எழுதினார். என் பெயர் எங்கும் இல்லை.

"இது அம்புட்டையும் வாய்ச்சொல்லும்பான்" என்றார் சுபேதார். "தாளு எங்கம்பான்."

அவர் சொன்னது சரி. சின்னவளுக்குப் பதிவு இல்லை என்று தாலுகாவில் சான்று வாங்கலாம். இல்லை என்பதற்குத்தான் அது ஆதாரம். இரண்டு குழந்தைகள் இருந்தார்கள் என்பதற்கு எதைக் காட்டுவது? ஒரு வாரம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில், குளிக்கும்போது, சோறு வடிக்கும்போது. பேச்சியம்மாள் சொன்னதை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். தந்தி போய், லீவு கிடைத்து. லீவு எதற்கு என்று எழுதிக் கொடுத்திருப்பார்?

மில் வாசலுக்கே போய் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அய்யா, பிள்ளை பொறந்தா பட்டாளத்துல தெரிவிக்கணுமா?"

"தெரிவிக்காம? குடும்ப விவரத்துல ஏத்துவாகள்ல. பொறப்பு, சாவு எல்லாத்துக்கும் தனியா ஆர்டர் போடுவாக."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மூணும் போட்டிருப்பாக தாயி. மூத்தவ பொறந்தது, போனது, சின்னவ பொறந்தது. மூணும்."

தபாலில் கேட்டால் மாதக்கணக்கில் ஆகும். ஆவணக் காப்பகம் வடக்கே, மூன்று நாள் ரயில் தூரம். அறுபதைத் தாண்டிய மனிதர், முன்பதிவு இல்லாமல் மறுநாளே கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகு பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளில் கோமதிக்குச் சொல்லியாக வேண்டும். தாய் சத்தியம் செய்யும் தாளை மகள் படிக்கத்தான் போகிறாள். நான் எழுதி அனுப்பட்டுமா என்று பேச்சியம்மாளைக் கேட்டேன். வேண்டாம் என்றார். "நான் பெத்த கதைய நான் சொல்லுதேன். நீ நம்பர மட்டும் போட்டுக் குடு."

காலை ஆறரை மணிக்கு, பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேர் நிற்க இடமில்லை. நான் வெளியே வரப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. அதனால் கேட்டேன். கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை.

"ஏட்டி, அம்மா பேசுதேன். குறுக்க பேசாம கேளு. உனக்கு முந்தி ஒருத்தி இருந்தா. அவ பேரத்தான் உனக்கு வச்சது."

முழுவதையும் அவர் மூச்சுவிடாமல் சொன்னார். ஆஸ்பத்திரி, வயிற்றோட்டம், தந்தி, மாமியார், வெள்ளம், அப்பா வாங்கிய சான்று. கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னார். முடிந்ததும் அந்தப் பக்கம் சத்தமில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று நான் மீட்டரைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு மெல்லிசாக ஒரு குரல் வந்தது. "அவ எப்படி இருப்பாம்மா?"

பேச்சியம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. "உன்ன மாதிரி இல்லட்டி" என்றார். "சுருட்ட முடி. ஆளப் பாத்தா சிரிப்பா. உன்ன மாதிரி அழமாட்டா." அப்போதுதான் அவர் அழுதார். முப்பது வருடத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி யாரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

வெளியே பால்காரர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். பூத்துக்காரர் மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்து நின்ற ஆளை வேறு பூத்துக்கு அனுப்பிவிட்டார்.

சுபேதாரிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. ஒருவேளை பழைய ஏடுகளை அழித்திருந்தால்? ஒருவேளை இரண்டாவது பிறப்பை மட்டும் ஏற்றாமல் விட்டிருந்தால்? தினமும் ஒரு ஒருவேளை. வக்கீலய்யாவுக்கும் எனக்கும் இடையில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. நான் கொண்டுபோகும் ஒவ்வொரு தாளின் கட்சிக்காரரையும் அவரே உள்ளே அழைத்து, முதலிலிருந்து கேட்டார். சின்ன வாடகைப் பத்திரத்துக்குக்கூட. வருபவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் நாள் காலை சுபேதார் ரயிலிலிருந்து நேராக வந்தார். தாடி வளர்ந்து, கண் குழிவிழுந்து. சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். ஒரே தாள், முத்திரை, கையெழுத்து. மூன்று வரி. மகள் பிறப்பு, பெயர் கோமதி. மகள் இறப்பு, பெயர் கோமதி. மகள் பிறப்பு, பெயர் கோமதி. ஒவ்வொன்றுக்கும் தேதி. மூன்றாவது தேதி பள்ளிச் சான்றோடு ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

"பத்து நாள் உக்கார வச்சுட்டாக" என்றார். "ஒரு கிளார்க்குப் பையன், நம்ம பக்கத்துப் பிள்ளையே இல்ல, இந்திக்காரன். ஏட்ட எடுத்துக்கிட்டு வந்து முன்னால வச்சான். அவன் படிச்சுட்டு ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து குடுத்தான்."

அன்றே பேக்ஸில் நகல் போனது, கூரியரில் அசல் போனது. தவணை முடிய பன்னிரண்டு நாள் இருந்தது.

பிப்ரவரிக் கடைசியில் அனுமதி வந்தது. கோமதி அலுவலகத்துக்குத்தான் முதலில் பேசினாள். வக்கீலய்யாவிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் வாங்கி, "நல்லாரும்மா" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் உரிமத்துக்கு எதுவும் ஆகவில்லை. அந்தக் கடிதத்தை யாரும் கிளறவில்லை. என் தட்டச்சில் போன அந்த முதல் தாள் எங்கோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு கோப்பில், இன்னும் இருக்கிறது. அதைத் திரும்ப வாங்க வழி கிடையாது.

உங்களிடமும் அவசரத்தோடுதான் எல்லாரும் வருவார்கள். கூரியர் நேரம், விமான நேரம், தவணை நேரம். நமக்கு வந்த ஒரு கேள்வியை அவர்கள் முகத்துக்காக விழுங்கினால், அது நம்மோடு நிற்பதில்லை. கடல் தாண்டிப் போய் வேறு யார் தலையிலோ விழுகிறது. கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும். சுபேதாருக்கும் வந்திருக்கும். ஆனால் அந்தக் கிளார்க் கொடுத்த தண்ணீரை நான் அன்றே கொடுத்திருக்கலாம்.

ஒன்றரை வருடம் கழித்து, கல்யாணமாகியிருந்த கோமதிக்குப் பேறுகாலம் என்று சுபேதாரும் பேச்சியம்மாளும் விசா கேட்க வந்தார்கள். தாயும் தகப்பனுமாக என் எதிரே உட்கார்ந்தார்கள். படிவத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லி நிரப்பிக்கொண்டு வந்தேன். பெயர், ஊர், தொழில். பிறகு அந்தக் கட்டம் வந்தது.

"பிள்ளைகள் எத்தனை பேரு?"

சுபேதார் எப்போதும் போல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டு" என்றார் பேச்சியம்மாள். "ரெண்டு பொம்பளப் பிள்ளைக."

"பேரு சொல்லுங்கம்மா."

"கோமதி" என்றார். நான் அடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அடுத்த வரிக்கு உருளையைத் திருப்பினேன்.

"கோமதி" என்றார்.